மறு: மறு: ‘மால்வேர்’ தமிழில் என்ன? (போனுக்குச் சானிடைசர் போட்ட கதையோடு)

குழுவினருக்கு வணக்கம்.

போனுக்கோ கணினிக்கோ கேடு செய்கிற ஆப்களை ஆங்கிலத்தில் ‘மால்வேர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் நச்சுநிரலா, தீம்பொருளா, கேடுநிரலா என்று மூன்று வாரமாக ஓடுகிற இந்த இழையை வாசித்ததோடு சரி, நான் எதுவும் எழுதவில்லை. மொழி படித்தவனும் இல்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்ன போன் கடை வைத்திருக்கிறேன். திரை மாற்றுவது, பற்றரி மாற்றுவது, ரீலோட் (போனுக்குக் காசு) போடுவது, அவ்வளவுதான். போன புதன்கிழமை கடையில் நடந்ததைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா வந்தார். கையில் பொலித்தீன் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் போன். மேசையில் வைத்துவிட்டு, “தம்பி, தொட்டா கையைக் கழுவிக்குங்க, இதுக்கு வைரஸ்” என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். வீட்டில் மூன்று போன் இருக்கிறதாம். வைரஸ் பிடித்திருக்கிறது என்று யாரோ சொன்ன நாளிலிருந்து இதை மட்டும் அலுமாரிக்கு மேலே தனியாக வைத்திருக்கிறார். மற்றப் போன்களுக்குப் போடுகிற சார்ஜரை இதற்குப் போடுவதில்லை. காலை மாலை சானிடைசர் தெளித்துத் துடைத்திருக்கிறார். அதில் சார்ஜர் குத்துகிற துளைக்குள் ஈரம் இறங்கிப் பச்சை பூத்திருந்தது. அதைச் சுரண்டி எடுக்கவே எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? 2020க்குப் பிறகு வைரஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தள்ளி வை, துடை, கழுவு. சொல் சொன்னபடி அவர் நடந்திருக்கிறார்.

உண்மையில் அந்தப் போனுக்கு வந்தது இதுதான். திரையைத் திறந்தால் விளம்பரம். மூடினால் இன்னொன்று. போட்ட ரீலோட் மறுநாளே காணாமல் போகிறது. நான் முதலில் போனைப் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுபோனேன். பவர் பட்டனை அமுக்கினால் அணைக்கவா என்று கேட்கும் இல்லையா, அந்த எழுத்தின் மேலேயே விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் அந்த நிலை வரும். அங்கே நாம் இறக்கிய ஆப் எதுவும் ஓடாது. விளம்பரம் உடனே நின்றது. சரி, ஆள் வெளியிலிருந்து வந்தவன்தான் என்று தெரிந்துவிட்டது.

அப்புறம் செட்டிங்ஸில் எல்லா ஆப்களின் பட்டியலையும் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். பிள்ளைக்குப் பேன் பார்ப்பது போலத்தான் இந்த வேலை, அவசரப்பட்டால் தப்பிவிடும். நடுவில் ஒரு வெறும் இடம். பெயரும் இல்லை, படமும் இல்லை. தொட்டால் உள்ளே ஒரு ஆப் இருக்கிறது. நீக்கும் பட்டன் மங்கிக் கிடந்தது, அமுக்கினால் அசையவில்லை. சாதன நிர்வாகி என்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தால், அந்தப் பெயரில்லாத ஆள் அங்கே நிர்வாகியாக உட்கார்ந்திருக்கிறான்! முதலில் அந்தப் பதவியைப் பறித்தேன். திரும்பி வந்து பார்த்தபோது நீக்கும் பட்டன் உயிர்பெற்றிருந்தது. அதை எடுத்துவிட்டு, “உங்கள் போனில் நான்கு வைரஸ்கள்” என்ற விளம்பரத்தை நம்பி அக்கா இறக்கியிருந்த ‘வைரஸ் கிளீனர்’ ஒன்றையும் எடுத்தேன். அதுவும் அதே கூட்டம்தான். கடைசியாகப் பிளே ஸ்டோரில் பிளே புரொடெக்ட் சோதனையை ஓட்டி, வங்கிக் கடவுச்சொல்லை வேறு போனிலிருந்து மாற்றச் சொல்லி அனுப்பினேன்.

எப்படி வந்தது என்று கேட்டேன். வட்ஸ்அப்பில் இலவச டேட்டா என்று ஒரு இணைப்பு வந்திருக்கிறது. தொட்டதும் ஏபிகே கோப்பு (ஆப்பை நிறுவுகிற கோப்பு) இறங்கியிருக்கிறது. 2017இல் வந்த அன்ட்ரொயிட் 8இலிருந்து, வெளியிலிருந்து வரும் ஆப்பை நிறுவலாமா என்று அது வருகிற ஒவ்வொரு வாசலுக்கும் (வட்ஸ்அப், பிரவுசர் என்று) தனித்தனியாகக் கேட்பார்கள். அவர் போனிலும் கேட்டிருக்கிறது. தமிழில்தான் கேட்டிருக்கிறது. அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “‘அனுமதி’ன்னு வந்துச்சு தம்பி. அனுமதி கெடைச்சிருச்சுன்னு நெனைச்சுத் தொட்டேன்.”

மொழிபெயர்த்தவர் ஏவலாக எழுதிய சொல்லை அக்கா பெயர்ச்சொல்லாக வாசித்திருக்கிறார். இரண்டும் சரியான தமிழ்தான். ‘அனுமதிக்கிறேன்’ என்று இருந்திருந்தால் ஒரு நிமிடம் யோசித்திருப்பார். இதைத் தனி இழையாகப் பிறகு பேசுவோம்.

இனி நம் சொல்லுக்கு வருகிறேன். இழையில் நீங்கள் எழுதியவற்றை எடுத்துப்போட்டுப் பதில் சொல்கிறேன்.

> வைரசு என்பதையே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் தெரிகிறது.

தெரிவதுதான் தொல்லை. வைரஸ் என்றால் தானே தொற்றும், நாம் ஒன்றும் செய்யாமலே வந்து ஒட்டும் என்று ஆகிறது. கணினியில் அந்தப் பெயருக்கு ஒரு நியாயம் இருந்தது. 1984இல் ஃபிரெட் கோஹன் எழுதிய கட்டுரையில், மற்றச் செய்நிரல்களுக்குள் (புரோகிராம்களுக்குள்) தன் நகலைச் செருகிப் பரவுவதைத்தான் அப்படி அழைத்தார். அன்ட்ரொயிட் போனில் ஒவ்வொரு ஆப்பும் தனித்தனிக் காம்பராவில் (லயத்து அறை மாதிரி) பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றின் கோப்பை இன்னொன்று எளிதில் தொட முடியாது. அதனால் அந்த அர்த்தத்தில் வைரஸ் என்பது போனில் அரிது. போனில் வருவதெல்லாம் பெரும்பாலும் வேடம் போட்டு, நம்மிடமே கேட்டு உள்ளே வருகிறவை. 2010 ஓகஸ்டில் அன்ட்ரொயிடில் பிடிபட்ட ஃபேக்பிளேயர், வீடியோ பார்க்கிற ஆப் போல வந்து, கட்டணம் கூடிய எண்களுக்குக் கள்ளத்தனமாக எஸ்எம்எஸ் அனுப்பியது. ஜோக்கர் என்றொரு கூட்டம் பிளே ஸ்டோருக்குள்ளேயே புகுந்தது. அந்த வகையைச் சேர்ந்த 1,700 ஆப்களை அகற்றியதாக 2020 ஜனவரியில் கூகுளே சொன்னது. ஒரு சார்ஜரிலிருந்து இன்னொரு போனுக்குத் தாவியவை இல்லை இவை.

> நச்சுநிரல் நல்ல சொல்.

நல்ல சொல்தான், வைரசுக்கு. இலத்தீனில் வைரஸ் என்ற சொல்லுக்கே நஞ்சு என்றுதான் பொருள். ஆனால் எங்கள் பிள்ளைகள் கணிதப் பாடத்தில் நிரை, நிரல் என்று படிக்கிறார்கள். குறுக்கே போனால் நிரை, நெடுக்கே போனால் நிரல். புரோகிராமுக்கு நம் பாடநூலில் செய்நிரல். எக்ஸெல் பழகிய ஒரு சாதாரணதர மாணவனிடம் நச்சுநிரல் என்றேன். “எந்த நிரல் அண்ணே, பியா சியா?” என்று கேட்டான். சென்னை நண்பர் கோபிக்க வேண்டாம், கடலுக்கு இந்தப் பக்கம் நிலைமை இது.

தீம்பொருள் பற்றி நம் குழுவின் பதுளை ஐயா சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. தீம்பால், தீஞ்சுவை, தீந்தமிழ் என்று படித்தவனுக்கு அது இனிப்பான பொருளாகத்தான் கேட்கும். கேடுநிரலில் குற்றம் இல்லை, ஆனால் உயிரும் இல்லை.

நுவரெலியாத் தங்கச்சி ‘அட்டைச்செயலி’ என்று எழுதியிருந்தார். வாசித்ததும் துள்ளினேன். மழைக்காலத்தில் மலையேறுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. அட்டை கடிப்பது வலிக்காது. இடுப்பில் கட்டின சாக்குப் படங்கை அவிழ்க்கும்போது இரத்தம் ஒழுகுவதைப் பார்த்துத்தான் தெரியும். பிடித்து இழுத்தால் புண்தான் பெரிதாகும், உப்பையோ சவர்க்காரத்தையோ வைத்தால் தானே சுருண்டு விழும். முதலில் பதவியைப் பறி, பிறகு ஆப்பை நீக்கு என்பதும் அதே கதைதான். ஆனால் தங்கச்சி, ‘அட்டை’ என்றால் கடையில் எல்லோரும் வங்கி அட்டையைத்தான் நினைக்கிறார்கள். “போனில் அட்டைச்செயலி இருக்கிறது” என்று ஒருவரிடம் சொன்னேன், “ஆமா, சம்பளம் பார்க்கிறதுக்கு” என்றார். கைவிட மனமில்லாமல் கைவிடுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் தனிமடலில் நான் சிலருக்கு அனுப்பிய சொல் ‘கள்ளச்செயலி’. கள்ளநோட்டு, கள்ளச்சாவி போல. கேட்டவுடன் விளங்கும், விளக்கவுரை வேண்டாம். அதற்குப் பதுளை ஐயா எழுதிய பதிலை அவர் அனுமதியோடு (அனுமதிக்கிறேன் என்று தெளிவாகவே எழுதினார்) இங்கே போடுகிறேன்:

> தம்பி, சொல் சரி. ஆனால் என் அப்பாவைக் கடைத்தெருவில் கள்ளத்தோணி என்று கூப்பிட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டவன். 48இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தார்கள், 64இல் இலங்கையும் இந்தியாவும் ஆளை எண்ணிப் பங்கு போட்டார்கள். ஒழுங்கான வழியில் வராதது, உள்ளே இருக்கத் தகாதது, கண்டுபிடித்து வெளியேற்ற வேண்டியது. உங்கள் ஆப்புக்கு நீங்கள் எழுதிய விளக்கமும் எங்களைப் பற்றி அவர்கள் எழுதிய விளக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது.

கள்ளத்தோணி என்பது, அனுமதியில்லாமல் தோணியில் வந்தவர்கள் என்று எங்களை ஏசிய சொல். இதை வாசித்துவிட்டு அன்று நான் கடையை வேளையோடு மூடிவிட்டேன். யாழ்ப்பாணத்து நண்பர் சொல்வதுபோல, கள்ளநோட்டு என்று நாமே தினமும் சொல்கிறோம்தான், ஒரு சொல்லுக்காக ஒரு வேரையே ஒதுக்க முடியாதுதான். ஆனாலும் மலையகத்திலிருந்து போகிற சொல்லில், வந்தேறியை விரட்டுகிற தொனி வேண்டாம் என்றுதான் எனக்கும் படுகிறது. வேறு சொல் இல்லாவிட்டால் வாதாடியிருப்பேன்.

வேறு சொல் இருந்தது. கொடுத்தது அந்த அக்காதான். சார்ஜரால் ஒட்டவில்லை, நீங்கள் கதவைத் திறந்துவிட்டதால் உள்ளே வந்து உட்கார்ந்து, உங்களுக்குத் தெரியாமல் ரீலோட் காசை எடுத்தது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். “அப்ப இது களவாணி ஆப்புன்னு சொல்லுங்களேன், எதுக்குத் தம்பி வைரஸுங்கிறீங்க?” என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் மாறிவிட்டன. எந்தக் கதவால் வந்தது, இனி எப்படிப் பூட்டுவது, வேறு என்ன எடுத்திருக்கும். கையைக் கழுவுவது பற்றி ஒரு பேச்சும் இல்லை.

களவாணி பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, பாடநூலில் ஏறாது. அதனால் நான் முன்வைப்பது: களவுச்செயலி.

களவு என்றால் திருட்டு என்பது மட்டும் இல்லை, பிறர் அறியாமல் செய்வது என்பதும்தான். தொல்காப்பியத்தில் களவியல் (ஊரறியாத காதலைச் சொல்லும் பகுதி) படித்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஆனால் அந்த அர்த்தம் இருப்பதால்தான் சொல் பெரிய குடையாகிறது. விளம்பரம் மட்டும் காட்டுகிற ஆப் காசைத் தொடாமல் இருக்கலாம், என்றாலும் மறைந்திருந்துதான் செய்கிறது. உளவு பார்ப்பதும் அப்படித்தான். களவும் கள்ளமும் ஒரே வேர் என்று ஐயா மடக்குவார் என்று தெரியும். உண்மைதான் ஐயா. ஆனால் களவு என்று யாரும் ஒரு ஆளை ஏசியதில்லை. அது செய்கிற செயலின் பெயர்.

செயலி என்றால் புரொசெசர் இல்லையா, நுண்செயலி என்கிறோமே என்று கேட்கலாம். கடைக்கு வருகிறவர்கள் யாரும் குழம்பியதில்லை, இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. கணினியில் தன் நகலைப் பரப்புகிறதற்கு நச்சுநிரலோ வைரசோ அப்படியே இருக்கட்டும்.

நல்ல ஆப் போல வேடம் போட்டு வருகிற ‘ட்ரோஜன் குதிரை’க்கு மட்டும் வேறு பெயர் வைக்க ஒரு ஆசை. ‘மாயக்குதிரை’ என்று பார்த்திருக்கிறேன். அந்தக் கிரேக்கக் குதிரை நமக்கு எதற்கு? பெருங்கதையில் வரும் உதயணன் கதையில், யாழ் வாசித்தே யானையை அடக்குகிற உதயணனைப் பிடிக்க, பிரச்சோதனன் என்ற அரசன் எந்திர யானை செய்து அதற்குள் வீரர்களை ஒளித்துக் காட்டில் விடுகிறான். யானை என்றால் அவன் வருவான் என்று தெரிந்துதான் யானையைச் செய்தார்கள். இலவச டேட்டா என்றால் நாம் வருவோம் என்று தெரிந்து டேட்டா என்று எழுதுவது போல. பொறியானை என்று வைத்தால் என்ன? பொறி என்றால் எந்திரமும்தான், எலிப்பொறியும்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உற்சாகத்தில் வெள்ளிக்கிழமையே மட்டையில் ‘களவுச்செயலி அகற்றப்படும்’ என்று எழுதிக் கடை முன்னால் தொங்கவிட்டேன். முதலில் வந்த பொடியன் அதை வாசித்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, மேசைக்கு மேலால் குனிந்து, “களவு போன் எடுப்பீங்களா அண்ணே?” என்று கேட்டான். மட்டையைக் கழற்றி, ‘உங்கள் போனில் ஒளிந்திருக்கும் களவுச்செயலி அகற்றப்படும்’ என்று மாற்றி எழுதினேன். சனிக்கிழமை யாரும் அப்படிக் கேட்கவில்லை. அன்று நல்ல மழை, கடைக்கு வந்ததே நாலு பேர்.

அன்புடன்,
ஹட்டன் கடைக்காரன்