தொர்தோஞ் கிராமங்களில் விடுமுறை: போய்வந்த அனுபவங்கள்

பாரிஸ் புறநகரிலிருந்து:

ஓகஸ்ட் வந்தால் பாரிசில் இருக்கிற எங்கட ஆக்கள் லண்டனிலோ ஜெர்மனியிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போவினம். இல்லையெண்டால் லூர்து மாதாவிடம் போய்வருவினம். இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டன். ஆனால் லூர்துக்குக் காரில் போகிற அதே ஏ20 நெடுஞ்சாலையில், பிரீவ் நகரத்தோடு இறங்கி மேற்கே ஓடினால் ஒரு மணித்தியாலத்துக்குள், தென்மேற்கு பிரான்சில் தொர்தோஞ் மாவட்டத்தில் இருக்கிற வெசேர் ஆற்றுப் பள்ளத்தாக்கு வந்துவிடும். பிள்ளையள் இந்த நாட்டிலேயே பிறந்து வளருதுகள். இந்த மண்ணில் மிகப் பழைய மனிதச் சுவடு இருக்கிற இடத்தை அதுகளுக்கு ஒருக்கால் காட்டுங்கோ எண்டு கேட்கத்தான் இதை எழுதுகிறன்.

நாங்கள் தங்கினது அந்தப் பள்ளத்தாக்கில் லெ எசி ஊருக்குக் கிட்ட, அக்ரூட் தோப்புக்கு நடுவில் இருந்த ஒரு ழீத், அதாவது விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிற நாட்டுப்புற வீடு. பண்ணைக்காரர் தன் பழைய களஞ்சியத்தை வீடாக்கி வாடகைக்கு விட்டிருந்தார். யூலை, ஓகஸ்டில் இப்படியான வீடுகளைப் பெரும்பாலும் சனிக்கிழமையிலிருந்து அடுத்த சனிக்கிழமை வரைக்கும்தான் தருவார்கள். படுக்கை விரிப்பும் துவாயும் அவர்கள் தருவார்களா, நாங்கள் கொண்டுபோக வேணுமா எண்டதை முதலே கேட்டுவிடுங்கோ.

வீட்டுக்காரருக்கு எண்பது தாண்டியிருக்கும். பின்னேரங்களில் வாசலில் கதிரை போட்டு எங்களோடு இருந்து கதைப்பார். சின்ன வயதில் வீட்டில் எல்லாரும் தெற்கு பிரான்சின் பழைய மொழியான ஒக்சித்தான்தான் பேசினவையாம். பள்ளிக்கூடத்தில் அதைப் பேசினால் தண்டனை கிடைக்கும். பிறகு தன் பிள்ளைகளுக்குத் தானே பிரெஞ்சு மட்டும்தான் சொல்லிக் கொடுத்ததாகவும், இப்ப அதை நினைத்தால் மனம் கனக்குது எண்டும் சொன்னார். என்ர மகள் அவரிட்டை நாலு சொல்லுக் கேட்டு எழுதி வைத்திருக்கிறாள். தொர்தோஞைப் பற்றி எந்தக் கையேட்டிலும் எனக்குக் கிடைக்காத பேச்சு அது.

சரி, குகைகள். ஆதிமனிதர் சுவரில் விலங்குகளை வரைந்து வைத்த குகைகளில் லாஸ்கோ எல்லாருக்கும் தெரிந்த பெயர். 1940 செப்டெம்பரில் மொந்திஞாக் ஊருக்குக் கிட்ட பெடியள் நாலு பேர் கண்டுபிடித்தது. 1948-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வந்த சனத்தின் மூச்சுக் காற்றும் ஈரமும் வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பாசி படரத் தொடங்கியதால் 1963-இல் மூடிவிட்டார்கள். இப்ப நாங்கள் பார்ப்பது 2016-இல் திறந்த முழுப் பிரதி. பிரதி எண்டு ஒதுக்காதேங்கோ, போய்ப் பாருங்கோ. காளைகளின் கூடம் எண்டு ஒன்று. அங்கே ஐந்து மீட்டருக்கும் நீளமான காளை தலைக்கு மேலால் ஓடுது. பாறையின் மேடு பள்ளத்தைக்கூட அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் என்னை உலுக்கினது ஃபோன் டெ கோம் குகை. லெ எசி ஊர் விளிம்பிலேயே இருக்குது. பல நிற ஓவியம் உள்ள அசல் குகையொன்றுக்குள் இன்றைக்கும் பொதுமக்களை விடுவதே அபூர்வம். ஒரு நாளைக்கு மிகச் சிலரைத்தான், சின்னச் சின்னக் குழுவாக உள்ளே எடுப்பார்கள். அதனால் விடுமுறைத் திகதி முடிவானவுடன் முதல் வேலையாக இந்த நுழைவுச்சீட்டைப் பாருங்கோ. வீடு பிறகும் கிடைக்கும். கீழேயிருந்து குகை வாசலுக்கு ஏற்றம் ஏறி நடக்க வேணும். பை கொண்டுபோக விடமாட்டார்கள், படமும் எடுக்க ஏலாது.

உள்ளே ஒடுக்கமான வழி. வழிகாட்டிப் பெண் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து மெல்ல மெல்ல நகர்த்தினா. வெறும் சுவராக இருந்த இடத்தில் ஒரு காட்டெருதின் முதுகு எழும்பி வந்தது. பாறை புடைத்திருந்த இடத்தைத்தான் வரைந்தவன் வயிறாக்கியிருக்கிறான். பாறையில் ஏற்கெனவே இருந்த விலங்கை அடையாளம் கண்டு கோடு போட்டிருக்கிறான் எண்டு எனக்குப் பட்டது. இன்னும் கொஞ்சம் உள்ளே, முழங்கால் மடித்திருக்கிற ஒரு பனிமானின் நெற்றியை இன்னொரு பனிமான் குனிந்து நக்குது. நிறம் மங்கிப்போச்சு. நாக்கு மட்டும் கீறின கோட்டில் தெளிவாகத் தெரியுது. பத்தாயிரம் வருசத்துக்கு மேலான அன்பு அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருட்டுக்குள்ள எப்படி வரைஞ்சவை?" எண்டு மகன் கேட்டான். கல்லில் குடைந்த விளக்கில் விலங்குக் கொழுப்பை ஊற்றி எரித்தார்கள் எண்டு அந்தப் பெண் சொன்னா. லாஸ்கோவுக்குள் கிடைத்த விளக்கு, லெ எசியில் உள்ள தேசிய வரலாற்றுக்கு முந்தைய கால அருங்காட்சியகத்தில் இருக்குது. செம்மணற்கல்லில் செய்தது, கைப்பிடியோடு பார்க்க ஒரு அகப்பை மாதிரி. குகை பார்த்த பிறகு அந்த விளக்கைப் பாருங்கோ, முதலே பார்த்தால் அதன் அருமை தெரியாது. 1868-இல் குரோ மஞோன் எண்டு சொல்லுகிற ஆதிகால மனிதரின் எலும்புகள் கிடைத்த பாறை ஒதுக்கும் இதே ஊரில்தான். நடந்தே போகலாம்.

துலூஸிலிருந்து:

அண்ணன் குகைகளைச் சொல்லிட்டார், நான் ஆற்றைச் சொல்றேன். வெசேர் போய்ச் சேர்வது தொர்தோஞ் ஆற்றில். அந்த ஆற்றை ரோட்டிலிருந்து பார்த்தா பாதிதான் தெரியும். தொம் மலைக்குக் கீழே செனாக் என்ற இடத்தில் தோணி வாடகைக்கு எடுத்துப் பெய்னாக் வரைக்கும் சுமார் ஒன்பது கிலோமீட்டர், நீரோட்டத்தோடு போகலாம். துடுப்பு போடத் தெரியணும்னு இல்லை, நீச்சல் தெரிஞ்சிருக்கணும். இறங்குற இடத்திலிருந்து வாடகைக்காரங்களே வேனில் திரும்பக் கொண்டுவந்து விடுவாங்க. காலையில் சீக்கிரம் கிளம்புங்க. மதியத்துக்கு மேல் ஆறு முழுக்கத் தோணியா இருக்கும்.

முதலில் லா ரோக் கஜாக் வரும். பாறைச் சுவரோடு ஒட்டிக் கட்டின ஊர். 1957-இல் அந்தப் பாறையிலிருந்து ஒரு பெரிய துண்டு பெயர்ந்து விழுந்து மூணு பேர் இறந்திருக்காங்க. அப்புறம் ஒரு பக்கம் காஸ்தெல்நோ கோட்டை, எதிர்க்கரையில் பெய்னாக் கோட்டை. நூறாண்டுப் போரில் ஒன்று ஆங்கிலேயர் பக்கம், மற்றது பிரெஞ்சுக்காரர் பக்கம். தண்ணீரில் உட்கார்ந்துகிட்டு ரெண்டையும் மாறி மாறிப் பார்க்கும்போது அந்தச் சண்டை எவ்வளவு கிட்டத்தில் நடந்ததுன்னு புரியும்.

எனக்கு மனசில் நின்ற இடம் மிலாந்த் மாளிகை. ஜோசஃபின் பேக்கர் வாழ்ந்த வீடு. அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தையா வறுமையில் பிறந்து, பாரிஸ் மேடையில் பேர் எடுத்து, இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியரை எதிர்த்து தெ கோல் நடத்தின சுதந்திர பிரான்சுக்காக உளவு வேலை பார்த்தவங்க. பல நாடுகளிலிருந்து பன்னிரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து இந்த வீட்டில்தான் வளர்த்தாங்க. 1960-களின் கடைசியில் கடனால் வீடு கைவிட்டுப் போச்சு. 2021-இல், நாட்டுக்குப் பெருமை சேர்த்தவங்களுக்கான பாரிஸ் நினைவிடமான பாந்தியோனில் இடம் கொடுத்தாங்க. நாங்க புதுச்சேரியில் சொல்தா குடும்பம், தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். 1940-லேயே புதுச்சேரி தெ கோல் பக்கம் சேர்ந்ததை அப்பா அடிக்கடி பெருமையாச் சொல்வார். அந்த வீட்டில் ஜோசஃபினின் போர்க்காலக் கதையைப் படிச்சுக்கிட்டே அப்பா ரொம்ப நேரம் நின்னார். பக்கத்தில் நின்ற ஒரு வயசான பிரெஞ்சு அம்மா, "உங்க வீட்டிலும் யாராவது இருந்தாங்களா?"ன்னு கேட்டாங்க. அப்பா தாத்தாவைப் பற்றிச் சொன்னதும் கையைப் பிடிச்சு நன்றி சொன்னாங்க. அப்பாவுக்கு அப்படி யாரும் சொன்னதில்லை.

சென்னையிலிருந்து, மகள் வீட்டுக்கு போர்தோ வந்தபோது:

நான் சைவம். சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லலையே, நான் சொல்றேன். பெரிகோர் பக்கம் (தொர்தோஞுக்கு அதுதான் பழைய பேர்) வாத்தும் கூஸ் வாத்தும்தான் எல்லாத்திலும். உருளைக்கிழங்குதானே என்று, சார்லா என்ற ஊரின் பேரில் வர்ற சார்லா உருளைக்கிழங்கை வாங்கிடாதீங்க, அதை வாத்துக் கொழுப்பில்தான் வறுப்பாங்க. சூப்பிலும் அந்தக் கொழுப்பு இருக்கலாம். சாலட் கேட்டால் மேலே வாத்து இரைப்பை வரும். சீஸை உறைய வைக்கிறதிலும் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள் சேர்ப்பது உண்டு. கேட்டுக் கேட்டுத்தான் வாங்கணும். வாத்துக்குத் தொண்டையில் குழாய் விட்டுத் தீனி திணிச்சு ஈரலைப் பெருக்க வைக்கிற விஷயம் எனக்கு ஒப்பவே இல்லை. அந்தப் பண்ணைகளைப் பார்க்கக் கூப்பிட்டாங்க, நான் போகலை.

ஆனா சந்தைக்குப் போனா வயிறும் மனசும் நிறையும். சார்லாவில் புதன், சனி, லெ புயூக்கில் செவ்வாய், சென் சிப்ரியானில் ஞாயிறு. காலையிலேயே போயிடணும். ஸ்ட்ராபெர்ரி, முலாம்பழம், அக்ரூட் போட்ட ரொட்டி, அக்ரூட் எண்ணெய். பருப்பை அரைச்சு லேசா வறுத்துச் செக்கில் பிழியறாங்க, அந்த வாசனை தெருமுனை வரைக்கும் வரும். வாங்கினா சமைக்காதீங்க, தக்காளி மேல பச்சையா ஊத்திச் சாப்பிடணும். கடைக்காரங்ககிட்ட போனதும் நேரா விலை கேட்காதீங்க, முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்க. சொன்னா முகமே மாறிடும்.

கோடையில் சின்ன ஊர்களில் ராத்திரிச் சந்தை வைக்கிறாங்க. ஊர் மைதானத்தில் நீள மேசை போட்டிருப்பாங்க. தட்டு, டம்ளர், கத்தி எல்லாம் நாமளே கொண்டுபோகணும். நான் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். எதிரே உட்கார்ந்த ஒரு விவசாயி குடும்பம் எட்டிப் பார்த்துது, கொஞ்சம் வெச்சுக் கொடுத்தேன். அந்த வீட்டு அம்மா மஞ்சளைக் கண்டுபிடிச்சிட்டாங்க. கடுகு ஏன் கசக்கலைன்னு விடாமல் கேட்டாங்க. அவங்க ஊரில் கடுகு அரைச்ச விழுதாகத்தான் வருமாம். எண்ணெயில் வெடிக்க விடணும்னு மகள் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, அவங்க ரசீது பின்னாடி எழுதிக்கிட்டாங்க. பதிலுக்கு ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்தாங்க.

எனக்கு ஒரு சந்தேகம் தம்பி. முழங்கால் வலியோடு அந்தக் குகையெல்லாம் பார்க்க முடியுமா? அடுத்த தடவை வரும்போது பார்த்திடணும்னு ஆசை.

பாரிஸ் புறநகரிலிருந்து:

அம்மா, நீங்கள் ரூஃபிஞ்ஞாக் குகைக்குப் போங்கோ. அதுவும் அசல்தான். சின்ன மின்சார ரயிலில் இருந்தபடியே உள்ளே கூட்டிக்கொண்டு போவார்கள். நூற்றைம்பதுக்கு மேல் மாமத் யானைகள் வரைந்திருக்குது. குகைக் கரடிகள் குளிர்காலத்துக்குப் படுத்த குழிகளும், சுவரில் அதுகளின் நகக் கீறலும் வழியிலேயே தெரியும். கடைசியில் பெரிய கூரை எண்டு ஒரு இடத்தில் இறங்கச் சொல்லுவார்கள், அங்கே நடை கொஞ்சம்தான். வெளியில் வெயில் கொளுத்தினாலும் உள்ளே பதின்மூன்று பாகை குளிர், ஸ்வெட்டர் கட்டாயம்.

மகளிடம் ரயிலை நம்பி வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. லெ எசியில் நிலையம் இருக்குது, ஆனால் ஊருக்கு ஊர் போகக் கார் இல்லாமல் ஏலாது. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை சின்ன ஊர்க் கடைகள் பூட்டியிருக்கும், ஞாயிறு பின்னேரமும் அப்படித்தான். யூன் அல்லது செப்டெம்பரில் வந்தால் கூட்டம் குறைவு, வீட்டு வாடகையும் இறங்கும். செப்டெம்பர் கடைசியில் வந்தால் அக்ரூட் உதிரத் தொடங்கியிருக்கும். பொறுக்க உதவிக்கு வாறம் எண்டு சொன்னால் எங்கட வீட்டுக்காரர் சந்தோசப்படுவார்.