நகர்சுட்டும் நிலைச்சுட்டும்: விரிதாளின் டாலர் குறிக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

விரிதாளில் (எக்செல் போன்ற கணக்கிடும் மென்பொருளில்) ஒரு நுண்ணறை, அதாவது ஒரு கட்டம், இன்னொரு நுண்ணறையைக் குறிப்பிடும் முறை இரண்டு வகைப்படும் என்றும், ஆங்கில நூல்கள் ‘ரிலேட்டிவ்’, ‘அப்சல்யூட்’ என்று பிரிக்கும் அந்த இரண்டுக்கும் என் வகுப்புக் கைப்பிரதியில் அச்சிடத் தகுந்த தமிழ்ச் சொற்கள் வேண்டும் என்றும் சென்ற வாரம் கேட்டிருந்தேன். ‘சார்பு மேற்கோள், தனித்த மேற்கோள்’ என்று ஒரு நண்பரும், ‘ஒப்பு முகவரி, முழு முகவரி’ என்று இன்னொருவரும், ‘பூட்டாத குறிப்பு, பூட்டிய குறிப்பு’ என்று அம்மையார் ஒருவரும் எழுதியிருந்தீர்கள். மூவருக்கும் நன்றி. மூன்று இணைகளையும் வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். முடிவில் நான் வேறோர் இணையை முன்வைத்தாலும், அதற்கு வழிகாட்டியவை இந்த மூன்றுமே.

சிக்கல் எங்கே எழுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் பாடம் எடுப்பது முதலாண்டு வணிகவியல் மாணவர்களுக்கு. ஒரு கணினிக்கு இருவர் உட்காருவார்கள். பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். கைப்பேசியில் விரல் பறக்கும். விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடுவார்கள். இவர்களுள் சிலர் தொழில்நுட்பக் கல்வித் துறை வழங்கும் கணினி அலுவலகத் தானியக்கச் சான்றிதழையும் எண்ணி வந்தவர்கள்; தட்டச்சர் பணிக்கு அது கேட்கப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். இத்தகையோருக்கு விரிதாள் கற்பிக்கும்போது, கூட்டல், சராசரி, வரிசைப்படுத்தல் எல்லாம் தடையின்றி நடந்துவிடும். வண்டி நிற்கும் இடம் எப்போதும் ஒன்றே.

விடுதியின் மெஸ் பில்லைத்தான் பயிற்சியாகக் கொடுப்பேன். ‘ஏ’ நெடுவரிசையில் நாற்பது பெயர்கள், ‘பி’ நெடுவரிசையில் அவரவர் சாப்பிட்ட நாட்கள், ஓரமாக ‘இ1’ (E1) என்ற நுண்ணறையில் ஒரு நாள் கட்டணம் 110. ‘சி2’ நுண்ணறையில் ‘=பி2*இ1’ என்ற வாய்பாட்டை எழுதினால் இருபத்தாறு நாள் சாப்பிட்ட முதல் மாணவருக்கு 2,860 என்று சரியாக வரும். அதன் வலக்கீழ் மூலையிலுள்ள சிறு கட்டத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால், மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் பூச்சியம். இந்த முறை கடைசி வரிசையிலிருந்த ஒரு மாணவி திரையைப் பார்த்துவிட்டு, “சார், அவன் ஒருத்தன்தான் சாப்பிட்டானாம், மத்த எல்லாரும் பட்டினி” என்றார். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பின் அவரையே ‘சி3’-இல் சொடுக்கிப் படிக்கச் சொன்னேன். ‘=பி3*இ2’ என்று படித்தார். ‘இ2’ வெற்று நுண்ணறை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இழுக்க இழுக்க அதுவும் கூடவே இறங்கிடுது சார். பி இறங்கணும், சரி. இ இறங்கக் கூடாது. அதுக்கு ஒரு ஆணி அடிக்கணும்.”

ரிலேட்டிவ், அப்சல்யூட் என்ற இரு சொற்களையும் கேள்விப்படாத ஒருவர் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட்டார். இறங்குவது ஒன்று, இறங்காமல் நிற்பது இன்னொன்று. அவர் கேட்ட ஆணிதான் விரிதாளின் டாலர் குறி ($). நம் கலைச்சொல்லும் அங்கிருந்துதான் புறப்பட வேண்டும் என்பது என் கருத்து.

இனி முன்மொழிவுகளுக்கு வருகிறேன். ‘சார்பு’ என்ற சொல்லில் இயற்பியல் மாணவருக்குத் தடை இருக்காது. சார்புத் திசைவேகம், சார்பியல் என்று பழகியவர் அவர். ஆனால் கணிதப் பாடநூலில் ‘சார்பு’ என்பது ஃபங்ஷனைக் குறிக்கிறது. வணிகக் கணிதம் படித்து வந்த மாணவர் அந்தப் பொருளையே கையோடு கொண்டுவருகிறார். விரிதாளில் கூட்டலுக்கும் சராசரிக்கும் உள்ளவையும் ஃபங்ஷன்களே. ஒரே பாடத்தில், ஒரே பக்கத்தில், இரண்டு சார்புகள் மோதிக்கொள்ளும். கணினி நூல்களில் ஃபங்ஷனுக்குச் ‘செயற்கூறு’ என்று எழுதுகிறோமே என்று நீங்கள் கேட்கலாம். எழுதுகிறோம்; ஆனால் மாணவர் மனத்தில் முன்னரே பதிந்த பொருளை அது அழித்துவிடுவதில்லை. ‘தனித்த’ என்பதும் அப்படியே. தனி வெப்பநிலை என்பதைப் படித்தவருக்கு அது விளங்கும், என் வகுப்பில் ஒருவர், “வாய்பாட்டில் ஒரே ஒரு மேற்கோள் இருந்தால் அது தனித்த மேற்கோளா?” என்று கேட்டார். கேள்வியில் தவறில்லை. ‘ஒப்பு’ என்பதற்கு ஒப்பு ஈரப்பதம், ஒப்பு அணுநிறை என்று நல்ல முன்மாதிரிகள் உண்டு என்றாலும், அங்கெல்லாம் இரண்டு அளவுகளை ஒப்பிடுகிறோம். விரிதாளில் எதையும் எதனோடும் ஒப்பிடவில்லை.

‘மேற்கோள்’ என்பதை நான் அறவே ஏற்கவில்லை. அது பிறர் கூற்றை எடுத்தாள்வதற்கு உரிய சொல். ‘முகவரி’ நல்ல சொல், ஆனால் வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. ‘இ1’ என்பது அந்த நுண்ணறையின் முகவரி. அது யார் தேடி வந்தாலும் வராவிட்டாலும் அங்கேயே இருக்கும். ‘சி2’-க்குள் அமர்ந்துகொண்டு அந்த முகவரியை நோக்கி விரல் நீட்டுவது முகவரியன்று, வேறொரு செயல். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், முகவரி மாறுகிறது என்று சொல்ல நேரும். மாறுவது முகவரியன்று, நீட்டிய விரல்.

அம்மையாரின் ‘பூட்டு’ பேச்சு வழக்கை அப்படியே பிடிக்கிறது. ஆய்வகத்தில் இன்று வழங்குவது “டாலர் போடு”, சற்றுத் தேர்ந்தவர்களிடையே “லாக் பண்ணு”. எக்செல்லில் எஃப்4 விசையை அழுத்தினால் ‘இ1’ என்பது ‘$இ$1’ ஆகிவிடும். ஓப்பன் ஆபீஸ் கால்க்கில் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். வழக்கில் இருப்பதைத் தமிழாக்குவதே எளிது என்பதால் இதை ஏற்றுக்கொள்ளவே முதலில் விரும்பினேன். தடை எதுவென்றால், விரிதாளில் பூட்டு என்று இன்னொன்று முன்பே இருக்கிறது. நுண்ணறையைப் பூட்டித் தாளைப் பாதுகாத்துவிட்டால் அதில் எவரும் எதையும் தட்டச்சு செய்ய முடியாது. டாலர் குறி அப்படிச் செய்வதில்லை. ‘இ1’-இல் 110-ஐ அழித்துவிட்டு 115 என்று எழுதினால் தடையின்றி எழுதலாம், முதல் மாணவரின் தொகையும் உடனே 2,990 ஆகிவிடும். பூட்டிய பெட்டிக்குள் கை நுழைவது எப்படி என்று மாணவர் குழம்புவார்.

எனவே நான் முன்வைப்பவை: ரிலேட்டிவ் என்பதற்கு நகர்சுட்டு, அப்சல்யூட் என்பதற்கு நிலைச்சுட்டு.

சுட்டு என்ற சொல்லை நான் புதிதாகத் தேடவில்லை. “அ இ உ அம் மூன்றும் சுட்டு” என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே கிடக்கிறது. அந்த மூன்று எழுத்துகளின் இயல்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். ‘இது’ என்பதற்கு நிலையான பொருள் கிடையாது; சொல்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. நான் அறையின் இந்த மூலையில் நின்று ‘இது’ என்றால் ஒரு நாற்காலி, அந்த மூலைக்குப் போய் ‘இது’ என்றால் வேறொரு நாற்காலி. சொல் மாறவில்லை, நான் இடம்பெயர்ந்தேன், சுட்டப்பட்ட பொருள் பெயர்ந்தது. ‘சி2’-இல் எழுதிய ‘இ1’ என்பதும் உள்ளுக்குள் அப்படிப்பட்ட ஒரு ‘அது’தான்: எனக்கு ஒரு வரிசை மேலே, இரண்டு நெடுவரிசை வலப்புறம் உள்ள அது. எக்செல்லில் ஆர்1சி1 என்ற குறியீட்டு முறைக்கு மாற்றிப் பார்த்தால், இதை எண்களாகவே காட்டிவிடும்; சதுர அடைப்புக்குள் எத்தனை வரிசை மேலே, எத்தனை நெடுவரிசை தள்ளி என்று இருக்கும், சதுர அடைப்பு இல்லாவிட்டால் நிலையான எண். அந்த முறையில் பார்க்கும்போது, இழுத்து நிரப்பிய நாற்பது வரிசைகளிலும் வாய்பாடு ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருப்பதை மாணவர் வியப்போடு பார்க்கிறார். ‘எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி’ என்பதற்கும் ‘கதவெண் 14’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இது. முதலாவதை வீடு மாறிய பிறகும் சொல்லலாம், ஆனால் வேறு வீட்டைக் காட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் நண்பருக்கு ஒரு சொல். தமிழ்நாட்டில் நாங்கள் தொலைத்துவிட்ட ‘உது’ உங்கள் பேச்சில் இன்றும் இருக்கிறது. கேட்பவரின் பக்கத்தில் இருப்பதற்கென்று தனிச் சுட்டு வைத்திருக்கும் உங்கள் மாணவர்களுக்கு, சுட்டு என்பது நிற்கும் இடத்தோடு சேர்ந்தது என்பதை எங்களைவிட எளிதாக விளக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் நுண்ணறையைக் ‘கலம்’ என்று எழுதுவதாலும் இந்த இரு சொற்களுக்கும் ஒரு தடையும் இல்லை.

நகர்தல், நிற்றல் என்ற பிரிவு நம் கற்பனையும் அன்று. டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் ஆக்கிய விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்தபோது, வாய்பாட்டில் டாலர் குறி கிடையாது. வாய்பாட்டைப் படியெடுக்கச் சொன்னால், அதிலுள்ள ஒவ்வொரு சுட்டுக்கும் நின்று, ‘மாற்றமில்லையா, ரிலேட்டிவா’ என்று அது பயனரைக் கேட்கும். அதாவது இரண்டாவது வகைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மாற்றமில்லை’ என்பதே. கேள்வி எழுந்ததும் படியெடுக்கும் நேரத்தில்தான். விடையைக் குறியாக வாய்பாட்டுக்குள்ளேயே எழுதிவைக்கும் டாலர் வழக்கம் 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் வழியாகப் பரவி, பின்னர் எக்செல்லிலும் நிலைத்தது. ‘அப்சல்யூட்’ என்ற கனமான சொல்லை மட்டும் பார்த்து நாம் தமிழாக்கம் தேடினால், அது எந்த வேலைக்காகப் பிறந்தது என்பது கைநழுவிவிடுகிறது.

இலக்கணம் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லையேல் மடல்கள் வந்து குவியும். ‘நகர்சுட்டு’ வினைத்தொகை, நகர்ந்த, நகர்கின்ற, நகரும் சுட்டு என்று மூன்று காலத்துக்கும் விரியும், ஆகவே இடையில் ஒற்று மிகாது. ‘நிலைச்சுட்டு’ நிலையை உடைய சுட்டு என்று விரிவதால் மிகும். ஒன்றில் ‘ச்’ உண்டு, மற்றதில் இல்லை என்பதால் அச்சுப் பிழை என்று எவரும் திருத்திவிட வேண்டாம்.

எனக்குத் தெரிந்த குறைகளையும் மறைக்காமல் எழுத வேண்டும். முதலாவது, கேலி. ‘சுட்டு’ என்றதும் வகுப்பில் “சுட்ட பழமா, சுடாத பழமா” என்று ஒரு குரல் எழுந்தது. பக்கத்துக் கணினியிலிருந்து வாய்பாட்டைப் பார்த்து எழுதியவரைக் காட்டி “இது சுட்ட சுட்டு சார்” என்றார் இன்னொருவர். இதை நான் குறையாகவே எண்ணவில்லை. சிரித்துக்கொண்டு ஏற்ற சொல் மறக்காது.

இரண்டாவது குறை மெய்யானது. தாளின் உச்சியில் ஒரு புதிய வரிசையைச் செருகினால், ‘$இ$1’ என்று எழுதியது தானாகவே ‘$இ$2’ ஆகிவிடுகிறது. நிலைச்சுட்டு என்று பெயர் வைத்தது நகர்ந்துவிட்டதே என்று நுணுக்கமாகப் பார்க்கும் மாணவர் கேட்பார். அதேபோல வாய்பாடு உள்ள நுண்ணறையை வெட்டி வேறிடத்தில் ஒட்டினால், நகர்சுட்டு நகராமல் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். நான் தரும் விடை: இரு பெயர்களும் படியெடுக்கும்போது நடப்பதற்கு மட்டுமே. வரிசை செருகும்போது தெருவில் கதவெண்களை மாற்றி எழுதுகிறார்கள். வீடும் அதே வீடு, கட்டணம் 110-உம் அதே 110. சுட்டு அந்த வீட்டை விடாமல் பிடித்திருப்பதால்தான் எண்ணை மாற்றிக்கொள்கிறது. இந்த விடை என் வகுப்புக்குப் போதுமானதாக இருந்தது. உங்களுக்குப் போதாது என்றால் எழுதுங்கள். ஆனால் ‘அப்சல்யூட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதே குறை உண்டு என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டுகிறேன்.

முடிவுக்கு வராதது மூன்றாவது வகை. நெடுவரிசைக்கு மட்டுமோ கிடைவரிசைக்கு மட்டுமோ டாலர் போடுவது: பெருக்கல் வாய்ப்பாட்டை ஒரே வாய்பாட்டால் நிரப்ப ‘=$ஏ2*பி$1’ என்று எழுதுகிறோமே, அது. ‘கலப்புச்சுட்டு’ என்றால் எது நிற்கிறது, எது நகர்கிறது என்று தெரியவில்லை. ‘அரைநிலைச்சுட்டு’ என்று வைக்கலாமா என்று எண்ணுகிறேன். பாதி நிற்கிறது என்பதாவது புரியும். நிரை (கிடைவரிசை), நிரல் (நெடுவரிசை) என்ற சொற்களை முன்னொட்டாக வைத்துப் பார்த்தேன். இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிப்பதோடு, ‘நிரல்’ என்பதைக் கணினி நிரலுக்கும் எழுதிப் பழகிவிட்டோம். விட்டுவிட்டேன்.

கைப்பிரதி வரும் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்றாவது வகைக்கு உங்கள் பரிந்துரைகள் அதற்குள் வந்தால் சேர்த்துக்கொள்கிறேன். வராவிட்டால் அந்த இடத்தில் அரைநிலைச்சுட்டு என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இட்டுவைப்பேன். அந்த மாணவி தம் ஏட்டில் டாலர் குறிக்கு நேரே ‘ஆணி’ என்றே எழுதிவைத்திருக்கிறார். அதை நான் திருத்தவில்லை.

அன்புடன்.