மறுவிற்பனைத் தளத்தில் வாங்கிய கச்சேரி டிக்கெட்: பணம் திரும்பி வந்த வழிகளும் வராத வழிகளும்

தொடக்கப் பதிவு

மறுவிற்பனைத் தளம் ஒன்றில் வாங்கிய இரண்டு கச்சேரி டிக்கெட்டுகளுக்கான பணத்தைத் திரும்பப் பெற மாதக்கணக்கில் அலைந்த அனுபவத்தை, என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். நிகழ்ச்சிக்குப் பத்து நாள்கள் இருந்தபோது, பாடகரின் உடல்நிலையைக் காரணம் காட்டி ஏற்பாட்டாளர்கள் அதை ரத்து செய்தார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் எதுவும் செய்யத் தேவையில்லை என்றும், பணம் தானாகவே அவரவர் கணக்குக்கு வந்து சேரும் என்றும் அறிவிப்பில் இருந்தது. அதை நம்பி மூன்று வாரங்கள் வாளாவிருந்தேன்.

அந்த அறிவிப்பு என்னைக் குறித்து எழுதப்பட்டதே இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. ஏற்பாட்டாளரின் பதிவேட்டில் இருப்பவர் அந்த டிக்கெட்டை முதன்முதலில் வாங்கியவர். அதாவது, மறுவிற்பனைத் தளத்தின் வழியாக அதை எனக்கு விற்றவர். ஆகவே ஏற்பாட்டாளர் திருப்பிக் கொடுக்கும் தொகை அவருடைய கார்டுக்குத்தான் போகிறது. அதுவும் அவர் முதலில் கொடுத்த விலையின் அளவுக்கு மட்டுமே. அதற்கு மேல் நான் கொடுத்த பணத்தையும், தளம் வாங்கிக்கொண்ட சேவைக் கட்டணத்தையும் பற்றி ஏற்பாட்டாளருக்கு எதுவுமே தெரியாது. இதை அறியாமல் அவர்களுக்கு நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களும் வீணாயின. மறுவிற்பனைத் தளங்கள் பெரும்பாலும் நிகழ்ச்சி நடந்து முடிந்த பிறகே விற்றவருக்குப் பணத்தை விடுவிக்கின்றன என்பதால், என் பணம் தளத்திடமே இருந்தது. தட்ட வேண்டிய கதவும் அதுதான்.

தட்டியபோது வேறொரு சிக்கல் எழுந்தது. கொடுத்த தொகையைவிடச் சற்றுக் கூடுதலான மதிப்பில் ஒரு வவுச்சரை என் கணக்கில் ஏற்கெனவே ஏற்றியிருந்தார்கள். பணமாக வேண்டுமென்றால் குறிப்பிட்ட நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்றும், அந்த நாள் கடந்துவிட்டது என்றும் பதில் வந்தது. நல்ல வேளையாக, டிக்கெட் வாங்கிய அன்றே தளத்தின் விதிமுறைப் பக்கத்தைப் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து வைத்திருந்தேன் (எனக்கிருக்கும் இந்தப் பழக்கத்தை வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள்). நிகழ்ச்சி ரத்தானால் முழுத் தொகையும் பணம் செலுத்திய வழியிலேயே திரும்பும் என்று அதில் தெளிவாக இருந்தது. கெடு எதுவும் சொல்லப்படவில்லை.

இது புதிய வழக்கமன்று. 2020 மார்ச்சில் ஸ்டப்ஹப் என்ற அமெரிக்க டிக்கெட் மறுவிற்பனை நிறுவனம், ரத்தான நிகழ்ச்சிகளுக்கு முழுப் பணத்தையும் தருவதாக அளித்திருந்த உறுதியை மாற்றி, 120 சதவீத மதிப்புள்ள வவுச்சர் தருவதாக அறிவித்தது. அமெரிக்காவின் 10 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் விசாரணையில் இறங்கியதைத் தொடர்ந்து, 2021 செப்டம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வாங்கியவர்களுக்குப் பணத்தையே தர அது ஒப்புக்கொண்டது. பணம் கட்டிய நாளில் இருந்த வாக்குறுதிதான் செல்லும் என்று தளத்துக்கு நான் எழுதிய கடிதத்தில் இதையும் சுட்டிக்காட்டினேன். வவுச்சரில் ஒரு காசுகூடப் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தியிருந்தால் அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதியிருப்பார்கள். மீதியைப் பின்னர் எழுதுகிறேன். மற்றவர்களின் அனுபவத்தையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி

ஐயா, உங்கள் நிகழ்ச்சி ரத்தானது என்ற வகையில் நீங்கள் பாக்கியசாலி. என்னுடையது தள்ளிவைக்கப்பட்டது. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவை அறிந்துகொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. தள்ளிவைக்கப்பட்ட நிகழ்ச்சிக்கு டிக்கெட் செல்லுபடியாகும், ஆகவே பணம் திரும்பாது என்பதே நான் பார்த்த எல்லா மறுவிற்பனைத் தளங்களின் விதியும். புதிய தேதி அறிவிக்கப்படாத நிலையிலும் அப்படித்தான். புதிய தேதியில் என்னால் போக முடியாது என்று சொன்னபோது, அதே தளத்தில் டிக்கெட்டை மறுபடியும் விற்பனைக்கு இடலாம் என்றார்கள். விற்றாலும் அதிலிருந்து ஒரு பங்கை அவர்கள் கழித்துக்கொள்வார்கள்.

ஏழெட்டு மாதங்களுக்குப் பிறகு நிகழ்ச்சி ஒரேயடியாகக் கைவிடப்பட்டது. தளம் பதிலே அளிக்காததால், கார்டு கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கியின் வழியாகவே திரும்பப் பெறும் முறை) கேட்டேன். அதைக் கேட்பதற்கான 120 நாள் கெடு பணம் கட்டிய நாளிலிருந்து கணக்கிட்டால் கடந்துவிட்டது என்று முதலில் பேசிய ஊழியர் மறுத்துவிட்டார். அவர் கணக்கிட்ட விதம் தவறு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விசா, மாஸ்டர்கார்டு ஆகிய இரண்டின் விதிகளிலும், பின்னொரு நாளில் கிடைக்க வேண்டிய சேவை கிடைக்காமல் போனால், அந்த 120 நாள்களைச் சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளை வைத்தே கணக்கிடுகிறார்கள். பணம் கட்டிய நாளிலிருந்து மொத்தம் 540 நாள்களைத் தாண்டக் கூடாது என்பது மேல்வரம்பு. நான் 500 நாள்களை நெருங்கிக்கொண்டிருந்தேன். இந்த விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் மறுபடியும் கேட்டபோது, வேறோர் அலுவலர் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார். பணம் வந்தது. நான் இன்னும் இரண்டு மாதம் தயங்கியிருந்தால், நியாயம் என் பக்கம் இருந்தும் பயனிருந்திருக்காது.

மறுமொழி

மேலே எழுதிய சகோதரருக்கு நன்றி. என்னுடையது வேறு வகை. நிகழ்ச்சி நடந்தது; என்னைத்தான் உள்ளே விடவில்லை. விற்றவர் அனுப்பியது டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட். அந்த அரங்கில் சில நொடிகளுக்கு ஒருமுறை குறியீடு மாறிக்கொண்டே இருக்கும் செயலி டிக்கெட்டை மட்டுமே ஏற்பார்கள் என்பது எனக்கு நுழைவாயிலில்தான் தெரிந்தது. கண்ணீரோடு வீட்டுக்குத் திரும்பியிருந்தால் என் பணமும் அதோடு போயிருக்கும். உடன் வந்திருந்த என் அக்கா விடவில்லை. வரிசையில் நின்ற ஊழியரால் எதுவும் எழுதித் தர முடியாது என்பதால், அரங்கின் டிக்கெட் அலுவலகத்துக்கு என்னை அழைத்துச் சென்று, இந்த எண்ணுள்ள டிக்கெட்டுக்கு இத்தனை மணிக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்று இரண்டு வரியில் எழுதி வாங்கித் தந்தார். ஸ்கேன் கருவியின் சிவப்புத் திரையையும் படம் எடுத்துக்கொண்டோம். அரங்க வாசலிலிருந்தே தளத்தின் உதவி எண்ணை அழைத்ததால், அழைப்பின் நேரமும் சான்றாக நின்றது.

உள்ளே போகவில்லை என்பதற்குச் சான்று எங்கே என்றுதான் தளம் முதலில் கேட்டது. அந்த இரண்டு வரிக் காகிதத்தை அனுப்பியதும் கேள்விகள் நின்றன. ஆறு வாரங்களில் முழுத் தொகையும் வந்துவிட்டது.

மறுமொழி

நான் ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் வசிக்கிறேன். இணையத்தில் எதை வாங்கினாலும் 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலேயே திருப்பிக் கொடுக்கலாம் என்று நம்பி, மனம் மாறியதும் எழுதினேன். குறிப்பிட்ட தேதியில் நடக்கும் பொழுதுபோக்குச் சேவைகளுக்கு அந்த உரிமை இல்லை என்று 2011-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை நெறிமுறையே சொல்கிறது. பணம் வரவில்லை. வேறு சொல்வதற்கில்லை.

மறுமொழி

நான் பிரிட்டனில் இருப்பவள். விற்றவர் கடைசி நேரத்தில் டிக்கெட்டை அனுப்பவில்லை. கையில் இல்லாத டிக்கெட்டையே விற்றிருக்கிறார் என்று ஊகிக்கிறேன். அதற்கு ஈடான டிக்கெட் என்று தளம் அனுப்பியது, மேடைக்கு நேர் எதிரே கேட்டவளுக்கு மேடையின் பக்கவாட்டில் இரண்டு அடுக்கு மேலே ஓர் இருக்கை. அதை வைத்து உள்ளே போயிருந்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியதால், ஏற்க மறுக்கிறேன் என்று நிகழ்ச்சிக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். போகாமல் இருந்தது எளிதாக இருக்கவில்லை.

1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு காப்பாற்றும் என்று முதலில் எண்ணியிருந்தேன். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ளவற்றுக்கு, விற்றவரோடு கடன் அட்டை நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் மறுவிற்பனைத் தளம் இடைத்தரகர் மட்டுமே, விற்றவர் வேறொருவர் என்பதால், வாங்கியவரையும் விற்றவரையும் அட்டை நிறுவனத்தையும் நேரடியாக இணைக்கும் சங்கிலி அறுந்துவிடுகிறது என்று அட்டை நிறுவனம் வாதிட்டது. அதில் பொருள் இருக்கிறது என்பதை மனமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். பிறகு சார்ஜ்பேக் வழியாகவே, கேட்டது ஒன்று கிடைத்தது வேறு என்று விளக்கி, இரண்டு இருக்கை வரைபடங்களையும் இணைத்துப் பணத்தைப் பெற்றேன். ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன்: தளத்தின் உத்தரவாதத்தின்கீழ் கோரிக்கை நிலுவையில் இருந்தபோதே வங்கியையும் அணுகினேன். அதைக் காரணம் காட்டித் தளம் கோரிக்கையை மூடியதோடு, என் கணக்கையும் முடக்கிவிட்டது. முதலில் தளத்திடம் கேட்டீர்களா என்று வங்கியும் கட்டாயம் கேட்கும். எனவே தளத்தின் மறுப்பை எழுத்தில் பெற்றுக்கொண்டு வங்கிக்குப் போவதே சரியான வரிசை.

தொடக்கப் பதிவர் மீண்டும்

அம்மா, இருக்கை வரைபடத்தை இணைக்கலாம் என்ற யோசனை எனக்குத் தோன்றியதே இல்லை, மிக்க நன்றி. என் கதையின் மீதி இதுதான். இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு தளம் வவுச்சரை நீக்கிவிட்டுப் பணமாகத் தருவதற்கு ஒப்புக்கொண்டது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் என் கார்டு காலாவதியாகிப் புதிய எண் வந்துவிட்டதால், தொகை அனுப்பப்பட்டது என்று தளமும், வந்து சேரவில்லை என்று வங்கியின் உதவி மையமும் பன்னிரண்டு நாள்கள் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பரிவர்த்தனைக்கான குறிப்பு எண்ணைத் தளத்திடமிருந்து கேட்டு வாங்கி வங்கியிடம் கொடுத்த பிறகு, பழைய கார்டின் பெயரில் தேங்கியிருந்த தொகை கணக்கில் சேர்ந்தது.

சேர்ந்தது டிக்கெட்டின் விலை மட்டுமே. சேவைக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நான் சேமித்து வைத்த விதிமுறையில் முழுத் தொகை என்றே இருப்பதால், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் கொள்கிறார்கள் என்று கேட்டு மூன்றாவது கடிதத்தை நேற்று அனுப்பினேன். நிகழ்ச்சி நடந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இன்றோடு 109 நாள்கள் ஆகின்றன. 115-ஆம் நாளுக்குள் பதில் வராவிட்டால் வங்கிக்குப் போவேன்.