பல் செட் போட்டு 12 நாள்: 'பத்து' என்றால் 'பட்டு' என்று எழுதுகிறார்கள்

மாயவரம் டீச்சர்:
வயது 64. மிச்சமிருந்த 9 பற்களையும் எடுத்து, ஈறு ஆற 3 மாதம் காத்திருந்து, மேலும் கீழுமாக முழு செட் போட்டாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. வாயைத் திறந்தால்தான் வம்பு.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. சாயங்காலம் தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் திண்ணைக்கு வருவார்கள். திங்கட்கிழமை சொல்வதெழுதல் வைத்தேன். 'பத்து' என்றேன், நாலு பேர் 'பட்டு' என்று எழுதியிருக்கிறார்கள். 'பந்தம்' பண்டமாகிவிட்டது. 'தந்தம்' என்றதற்கு ஒரு பையன் 'தண்டம்' என்று எழுதினான். செட்டுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் அவனுக்கு மதிப்பெண் போட்டிருக்கலாம். நாக்கு நுனி மேற்பல்லின் அடியைத் தொட்டால் தகரமும் நகரமும் பிறக்கும் என்று 30 வருஷம் பாடம் நடத்தியவள் நான். இப்போது அந்த இடத்தில் பிளாஸ்டிக் மேடு. நாக்கு பாதி வழியிலேயே முட்டி நின்றுவிடுகிறது. சகரம் வந்தால் விசில் வேறு.

சாப்பாட்டுக் கதை இன்னும் மோசம். நேற்று ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்தில் கிடந்த ஒரே ஒரு கடுகு கீழ் செட்டுக்கு அடியில் புகுந்துகொண்டது. உயிர் போகிற வலி. பாதி இலையில் எழுந்து போய், கை கழுவும் இடத்தில் திரும்பி நின்று செட்டைக் கழற்றி அலசினேன். பக்கத்தில் ஒரு சின்னப் பெண். "பாட்டி, எனக்கும் ஆடுது" என்று தன் முன்பல்லை ஆட்டிக் காட்டினாள்.

இதெல்லாம் பழகுமா? பேசும்போது கீழ் செட் எழும்புகிறதே, பசை போடலாமா? "கழற்றி வச்சுட்டுப் பாடம் எடேன்" என்கிறார் வீட்டுக்காரர்.

திண்டுக்கல் தாத்தா:
டீச்சரம்மா, நான் 6 வருஷமாக செட் கட்சி. மேல் செட் அண்ணம் முழுக்க ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கீழே பிடிக்க இடம் ஏது? நாக்கு வேறு நடுவில் கிடந்து தள்ளும். முன்பல்லால் எதையும் கடிக்காதீர்கள். சின்னதாகப் பிய்த்து, இரண்டு கடைவாயிலும் ஒரேசமயம் வைத்து மெல்லுங்கள். ஒரு பக்கமே மென்றால் மறுபக்கம் தூக்கும். கொய்யா, ரவா உப்புமா இரண்டும் இப்போதைக்கு வேண்டாம், உங்கள் கடுகுக்கு அண்ணன் தம்பிகள். காபியில் ஜாக்கிரதை: அண்ணம் மூடியிருப்பதால் சூடு தொண்டைக்குப் போன பிறகுதான் உறைக்கும். வெற்றிலை பாக்குக்கு எனக்குக் கையுரல்தான் துணை. அப்புறம், கழுவும்போது கீழே தண்ணீர் நிரம்பிய பேசின் இருக்கட்டும். என் முதல் செட் சிமென்ட் தரையில் விழுந்து இரண்டாகப் போனது.

பல் மருத்துவர் ஒருவர்:
அம்மா, முழுசாகப் பழக ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். தினமும் கால் மணி நேரம் செய்தித்தாளைச் சத்தமாக, நிதானமாகப் படியுங்கள். உச்சரிப்பு படிப்படியாகத் திரும்பும். ஒரே இடத்தில் வலித்தால் செட் அங்கே அழுத்துகிறது என்று அர்த்தம். நீங்களே அரம் கொண்டு தேய்த்துவிடாதீர்கள். செட் போட்டுத்தந்தவரிடம் போங்கள். போவதற்குச் சில மணி நேரம் முன்பே மாட்டிக்கொண்டால் புண் பட்ட இடம் அவருக்குத் தெளிவாகத் தெரியும். எடுத்த எடுப்பில் பசை போடாதீர்கள், செட்டின் அளவு சரியாக இருக்கிறதா என்று முதலில் அவர் பார்க்கட்டும். ராத்திரி கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போடுங்கள், வெந்நீர் பட்டால் வளையும். பற்பசை கீறும், மென்மையான பிரஷும் சோப்பும் போதும்.

ஓசூர் செல்வி:
அக்கா, வீட்டுக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். என் அம்மா இப்படித்தான் அடிக்கடி கழற்றி வைத்து, கடைசியில் செட் டம்ளருக்குச் சொந்தமாகிவிட்டது.

மாயவரம் டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். டாக்டர் கீழ் செட்டின் உள்விளிம்பில் அரிசி முனை அளவு தேய்த்துவிட்டார், வலி போயிற்று. காலையில் திண்ணையில் உட்கார்ந்து தலையங்கம் வாசிக்கிறேன்; பால்காரர் நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். முந்தாநாள் மறுபடி சொல்வதெழுதல். பத்து, பந்தம் எல்லோரும் சரி. அந்தப் பையன் மட்டும் திரும்பவும் 'தண்டம்'. சந்தேகப்பட்டு அவன் பழைய நோட்டைப் புரட்டினேன். என் பல்லெல்லாம் இருந்த போன வருஷமும் அப்படித்தான் எழுதியிருக்கிறான்.