சுழலும் காந்தம், சுழலாத புலம்: ஒரு கலைச்சொல் விவாதம்

மடல் 1 – மதுரையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

அன்புடையீர், வணக்கம்.

பொறியியல் பட்டயப் படிப்புக்கான காந்தவியல் செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் படி அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பதினோராம் பாடத்தின் தலைப்பிலேயே மூன்று நாளாக நின்றுகொண்டிருக்கிறேன்.

கருவி இதுதான். குழாய் வடிவிலான இரண்டு நிலைக்காந்தங்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குழாயும் ஆப்பு வடிவத் துண்டுகளை ஒட்டிச் செய்தது. துண்டுக்குத் துண்டு காந்தமாக்கிய திசை சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டே போவதால், புலம் முழுவதும் குழாயின் உட்பக்கத்தில் சீராகத் திரள்கிறது. வெளிப்பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றும் இல்லாமல் போகிறது. துகள் முடுக்கிகளுக்காக கிளாஸ் ஹால்பாக் என்பவர் பெர்க்லி ஆய்வகத்தில் 1980 வாக்கில் வகுத்த அமைப்பு இது. குழாய் ஒவ்வொன்றும் 0.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) தரும் என்று கொள்வோம். இரண்டையும் ஒரே திசை நோக்கி நிறுத்தினால் நடுத்துளையில் 1 டெஸ்லா கிடைக்கும். ஒன்றை வலமாக 60 பாகையும் மற்றதை இடமாக 60 பாகையும் திருப்பினால் அது 0.5 டெஸ்லாவாகக் குறையும். இருபுறமும் 90 பாகை திருப்பினால் சுழியாகிவிடும். புலத்தின் திசை மாறுவதில்லை, வலிமை மட்டும் கூடிக் குறைகிறது. மின்காந்தமாக இருந்தால் புலம் வேண்டிய நேரம் முழுவதும் மின்னோட்டம் ஓடியாக வேண்டும், சுருள் சூடேறும், குளிர்விக்கத் தண்ணீர் விட வேண்டும். இங்கே திருப்பும் பொழுதுக்கு மட்டுமே ஆற்றல் செலவாகிறது.

நான் ‘சுழல் நிலைக்காந்தம்’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்புத் திருத்துபவர் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்: “சுழல்கிறதா, நிலையாக நிற்கிறதா?”

மடல் 2 – கோவையிலிருந்து, பட்டறைப் பயிற்றுநர்

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

தாங்கள் சொல்லும் கருவியின் எளிய உறவினர் ஒருவர் எங்கள் பட்டறை மேசைகளில் நெடுங்காலமாக உட்கார்ந்திருக்கிறார். நுண்ணளவு பார்க்கும் டயல் கேஜைப் பிடித்து நிறுத்தும் மேக்னட் ஸ்டாண்டைத்தான் சொல்கிறேன். அதன் அடிக்கட்டை இரண்டு இரும்புப் பாளங்களால் ஆனது. நடுவில் பித்தளைத் தகடு. இரண்டையும் குடைந்த துளைக்குள் உருளை வடிவக் காந்தம் ஒன்று, வெளியே உள்ள குமிழோடு சேர்ந்து திரும்பும்படி இருக்கும். குமிழை ஒரு பக்கம் திருகினால் வடமுனை ஒரு பாளத்தையும் தென்முனை மறு பாளத்தையும் பார்க்கும். காந்தப்பாயம், அதாவது காந்த விசைக்கோடுகளின் ஓட்டம், அடியில் உள்ள லேத் படுக்கை வழியாகச் சுற்றி வரும். ஸ்டாண்டு ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். கால் சுற்றுத் திருகினால் ஒவ்வொரு பாளமும் இரு முனைகளையும் ஒருசேரத் தொடும். பாயம் பாளத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ஸ்டாண்டு விரல் பட்டாலே நகரும். காந்தம் தன் வலிமையில் துளியும் இழக்கவில்லை, அது பார்க்கும் திசைதான் மாறியது.

புதிதாக வரும் மாணவனிடம் ‘காந்தத்தைச் சுழற்று’ என்று எங்களில் எவரும் சொன்னதில்லை. ‘திருகு’ என்பதே சொல். ஆகவே ‘திருகுகாந்தம்’ என்று வைக்கலாம்.

மடல் 3 – தஞ்சையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

அன்பர்களே,

மெய்ப்புத் திருத்துபவரின் கேள்வி நகைக்கத்தக்கதன்று. ‘சுழல் நிலைக்காந்தம்’ என்பதைச் ‘சுழல்நிலை + காந்தம்’ என்று பிரித்தால் சுழல்கின்ற நிலையில் உள்ள காந்தம் என்று பொருள்படும். ‘சுழல் + நிலைக்காந்தம்’ என்று பிரித்தாலோ சுழல்வதும் நிற்பதும் ஒரே தொடரில் முட்டிக்கொள்ளும். ‘நிலை’ என்னும் சொல்லின் முதுகில் நாம் ஏற்றிய சுமையே இதற்குக் காரணம். நிலைமின்னியலில் அது ஓடாமையைக் குறிக்கிறது. நிலையாற்றலில் இருக்கும் இடத்தைக் குறிக்கிறது. நிலைக்காந்தத்தில் நீடித்திருத்தலைக் குறிக்கிறது. திண்மநிலை, நீர்மநிலை என்னும்போது வேறொன்று.

கோவை நண்பரின் ‘திருகு’ எனக்கு உவப்பானது. எனினும் அதன் வேரைத் தொட்டுப் பார்க்காமல் விட மனம் வரவில்லை. திரிதல், திரித்தல், திரி, திரிகை, திருகு, திருகாணி ஆகிய அனைத்திலும் வளைந்து சுற்றும் பொருளே அடியில் ஓடுகிறது. விளக்குத் திரி, முறுக்கப்பட்டதால் திரி. இவற்றுள் திரிகையைக் கொஞ்சம் உற்று நோக்குங்கள்: வட்டக்கல் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பவை, ஒன்றை மற்றொன்றுக்கு எதிரே பிடி கொண்டு திருப்புவது. இக்கருவிக்கு இதனினும் நெருங்கிய உவமை நம் வீடுகளில் உண்டா? ‘திரிகைக்காந்தம்’ என்று நான் முன்மொழிகிறேன்.

மடல் 4 – மதுரையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

ஐயா, திரிகை அழகாக இருக்கிறது. ஆனால் அதே பாடத்தில் இரண்டாவது கருவி ஒன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. அதில் குழாய் கிடையாது. நடுத்துளையைச் சுற்றி நான்கு அல்லது ஆறு காந்தத் தண்டுகள் நிற்கின்றன. தண்டுகள் நீளவாக்கில் அல்லாமல் குறுக்குவாக்கில் காந்தமாக்கப்பட்டவை. பற்சக்கரம் கோத்து, அடுத்தடுத்த தண்டுகள் ஒன்று வலமும் ஒன்று இடமுமாகத் திரும்பினால் நடுப்புலம் அந்தக் கோணத்தின் கோசைனுக்கு ஏற்பக் குறைகிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இயற்பியலாளர் கோயி முதலியோர் ஆராய்ந்த வகை இது. துணி பிழியும் உருளை எந்திரத்தின் பெயரால் இதை ‘மேங்கிள்’ என்கிறார்கள். பொதுப்பெயர் இரண்டையும் தழுவ வேண்டும்.

மடல் 5 – தஞ்சையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

துணி பிழியும் உருளைக்கு நாம் எங்கே போவது? ஆனால் எதிரெதிரே சுழலும் உருளைகளுக்கிடையே ஒன்றைச் செலுத்தும் எந்திரம் தமிழுக்குப் புதிதன்று. ‘கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்’ என்று ஐங்குறுநூறு பாடுகிறது. அன்றைய எந்திரத்தின் உறுப்புகள் எவ்வாறு இருந்தன என்று நான் வாதிட வரவில்லை. இன்றைய கரும்பாலையின் உருளைகளைக் கண்ட எவருக்கும் அந்தத் தண்டுகள் விளங்கும். இரண்டாவது கருவியை ‘ஆலைக்காந்தம்’ என்று அழையுங்கள். ‘எந்திரம்’ வடசொல் அன்றோ என்று அடுத்த மடலில் எவரேனும் எழுதுவார் என அறிவேன். எனவேதான் ‘ஆலை’ என்றேன்.

மடல் 6 – சென்னையிலிருந்து, கலைச்சொல் குழு உறுப்பினர்

எந்திரத்தை விடுங்கள், ஐயா. ‘காந்தம்’ மட்டும் என்னவாம்? ‘அயஸ்காந்தம்’ என்னும் வடசொல்லின் வாலைத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறோம்? ‘காந்து’ என்னும் தமிழ் வினையிலிருந்து வந்தது என்பாரும் உளர். அது மெய்யானால் எனக்கு மகிழ்ச்சியே. மெய்யல்லாவிடின் ‘ஈர்மம்’ என்று இப்போதே மாற்றத் தொடங்குவோம். மேலும் ‘ஹால்பாக்’ என்று கிரந்த எழுத்தில் தொடங்குவானேன்? ‘வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ’ என்ற தொல்காப்பிய விதி பிறமொழிப் பெயர் அனைத்துக்கும் பொருந்தும். ‘ஆல்பாக்கு’ என்று எழுதுக.

மடல் 7 – யாழ்ப்பாணத்திலிருந்து, பௌதிகவியல் ஆசிரியர்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஆலும் பாக்கும் ஒருபுறம் இருக்கட்டும். ‘காந்தம்’ என்ற சொல்லைக் கடலின் இரு கரையிலும் சிறுபிள்ளை கூட அறியும். அதை வெள்ளிக்கிழமைக்குள் மாற்ற இயலாது.

‘சுழல்’ என்பதை நான் மறுப்பதற்கு வேறு காரணம் உண்டு. ‘சுழல் காந்தப்புலம்’ என்ற தொடர் ஏற்கெனவே குடியிருக்கும் வீடு. பெராரிசும் தெஸ்லாவும் 1888இல் வெளிப்படுத்திய தூண்டல் மோட்டாரில் சுருள்கள் அசையாமல் நிற்கின்றன, புலம் சுழல்கிறது. இங்கே காந்தங்கள் சுழல்கின்றன, புலம் திசை மாறாமல் நிற்கிறது. ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டுக்கும் ஒரே அடைமொழியை வைத்தால், பரீட்சையில் பிள்ளைகள் ஒன்றைக் கேட்டால் மற்றதை எழுதுவார்கள். அதற்கு அவர்களுடைய புள்ளியைக் குறைக்க எனக்கு மனம் வராது. போதாததற்கு, உலோகத் தகட்டில் தோன்றும் சுழல் மின்னோட்டமும் அதே அத்தியாயத்தில் வரும்.

‘மாறு’ என்று தொடங்கலாமா என்றால், ஆடலோட்டத்தை நீங்கள் ‘மாறுதிசை மின்னோட்டம்’ என்கிறீர்கள். ‘மாறுகாந்தப்புலம்’ என்றால் திசை முன்னும் பின்னுமாகப் புரள்வதாகவே தமிழக மாணவர் எண்ணுவார். ‘திருப்பு’ என்று வைத்தால் ‘காந்தத் திருப்புத்திறன்’ வந்து வழிமறிக்கும். கருவியைச் சரிப்படுத்துவதற்கு நாங்கள் ஆய்வுகூடத்தில் ‘செப்பஞ்செய்தல்’ என்று வழங்குவதைக் கொண்டு ‘செப்பக்காந்தம்’ எனலாம். ஆனால் அங்கே ‘செப்பம்’ என்றவுடன் பதிப்பாசிரியர்கள் விழித்துக்கொள்வார்கள்.

திருகுவது காந்தத்துக்கு நேர்வது. நமக்கு வேண்டியது புலத்துக்கு நேர்வது. இரு குழாய்களையும் எதிரெதிராகத் திருப்பினால் வலிமை மாறும். சேர்த்தே ஒரே பக்கம் திருப்பினால் வலிமை மாறாமல் திசை மாறும். இரண்டையும் ஆள்வது அவற்றின் கோணமே. ஆதலால் ‘கோணவாளுகைக் காந்தம்’ என்பது என் முன்மொழிவு.

மடல் 8 – கோவையிலிருந்து, பட்டறைப் பயிற்றுநர்

யாழ்ப்பாணத்து ஐயா சொன்ன வேறுபாடு முற்றிலும் சரி. இத்தனை ஆண்டுகளில் எனக்கே தோன்றாதது. ஆனால் ‘கோணவாளுகைக் காந்தத்தை எடுத்து வா’ என்று பட்டறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கத்திப் பார்க்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

திரிகை பற்றி ஒரு சொல். அதில் அடிக்கல் அசையாது, மேற்கல் மட்டுமே சுற்றும். அடிக்கல்லைப் போல ஒரு குழாயை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் திருப்பினால், வலிமை குறைவதோடு திசையும் பாதிக் கோணம் விலகிப்போகும். பிள்ளைகள் உவமையை நம்பிக் கருவியைத் தவறாக இயக்குவார்கள். அவர்கள் மிக்ஸியை மட்டுமே கண்டவர்கள் என்பதையும் பேராசிரியர் ஐயா மனத்தில் கொள்ள வேண்டும்.

மடல் 9 – தஞ்சையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

திரிகையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மாவரைத்த கைகள் ஓய்ந்துவிட்டன என்பதை மறந்துபோனேன். ‘திருகுகாந்தம்’ வினைத்தொகை, திருகிய, திருகுகின்ற, திருகும் காந்தம் என முக்காலமும் அதில் அடங்கும். இடையில் ககர ஒற்று மிகாது. அச்சுக் கோப்பவர் ‘திருகுக்காந்தம்’ என்று தாமாகத் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருகாணியை நினைப்பார்களே என்ற ஐயம் எனக்கும் உண்டு. ஆயினும், காந்தமாக்கும் புலம் மாறும்போது இரும்பின் காந்தத்தன்மை பின்தங்கி மாறுவதைக் குறிக்கத் ‘தயக்கம்’ என்ற சொல்லைக் காந்தத்தின் மீது ஏற்றியபோது, இரும்புக்கு என்ன தயக்கம் என்று சிரித்தவர் இருந்திருப்பர். இன்று ‘காந்தத் தயக்கம்’ என்பதைப் பள்ளி மாணவர் தயங்காமல் எழுதுகின்றனர்.

மடல் 10 – மதுரையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. இன்று வியாழக்கிழமை, இரவு பதினொன்று. நேரே எழுதியவர்களுள் இருவரும் தனிமடலில் எழுதியவர்களுள் இருவரும் ‘திருகுகாந்தம்’ என்கிறார்கள். அதற்கு எதிராகச் சொல்ல எனக்கு ஆற்றல் மிச்சமில்லை என்பதும் ஒரு காரணமே. பாடத் தலைப்பை இவ்வாறு அமைத்திருக்கிறேன்: ‘திருகுகாந்தங்கள்: கூட்டிக் குறைக்கத்தக்க காந்தப்புலம்’. வானொலியின் ஒலியையும் அடுப்பின் தீயையும் நாம் கூட்டிக் குறைப்பதுபோலப் புலத்தையும் கூட்டிக் குறைக்கட்டும். தண்டு வகைக்கு ‘ஆலைக்காந்தம்’ என்பதைப் படத்தின் கீழே மட்டும் இட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்து ஐயாவின் மோட்டார் எடுத்துக்காட்டு, சுழல் புலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்ற எச்சரிக்கையாக முதல் பத்தியிலேயே இடம்பெறும். ‘ஹால்பாக்’ என்ற பெயரில் கைவைக்கவில்லை. அவர் தாமே வைத்துக்கொண்டதன்று என்றாலும் அவருடையது.

மடல் 11 – சென்னையிலிருந்து, குழு உறுப்பினர்

‘ஈர்மம்’ பற்றி எவரும் மறுமொழி கூறவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

மடல் 12 – யாழ்ப்பாணத்திலிருந்து, பௌதிகவியல் ஆசிரியர்

முடிவுக்கு இடையூறாக நிற்க விரும்பவில்லை. எனினும் எட்டுத் துண்டுகளால் ஆன குழாய், தொடர்ச்சியான இலட்சியக் குழாய் தரும் புலத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடே தரும்; 16 துண்டுகள் என்றால் 97 விழுக்காடு. ‘திருகுகாந்தம்’ எனக்கு எட்டுத் துண்டுக் குழாயாகவே தெரிகிறது. என் வகுப்புக் குறிப்பேட்டில் ‘கோணவாளுகை’ என்றே எழுதிவைக்கிறேன், கத்திக் கூப்பிடும் தேவை எங்கள் ஆய்வுகூடத்தில் இல்லை.