ஏரிக்கரையில் ஓட்டினாலே பின் டயர் பஞ்சர், மழைக்கு அப்புறம் களிமண் அடைப்பு: சேலம் சுற்றுவட்டாரத்தில் கிராவல் சைக்கிளுக்கு வழி சொல்லுங்க

அஸ்தம்பட்டி சைக்கிள்

வணக்கம் நண்பர்களே. 38 மி.மீ. டயர் போட்ட கிராவல் சைக்கிள் (மண், கல் பாதையிலும் ஓட்டுகிற வகை) வைத்திருக்கிறேன், டியூப்தான், டியூப்லெஸ் இல்லை. காற்று 60 பி.எஸ்.ஐ. அடிக்கிறேன். கியரில் முன்னால் 40 பல், பின்னால் பெரியது 42 பல். கன்னங்குறிச்சி மூக்கனேரி, புது ஏரி, பனமரத்துப்பட்டி ஏரிக்கரை என்று தார் ரோட்டை விட்டு இறங்கி ஓட்டுவதில்தான் எனக்கு ஆசை.

ஆனால் பின் டயர் நிம்மதியாக விடமாட்டேன் என்கிறது. பஞ்சர் ஒட்டி மாட்டினால் அடுத்த முறை வெளியே எடுக்கும்போதே மெதுவாகக் காற்று இறங்குகிறது. கடையில் கொடுத்தால் டியூபுக்குப் பேட்ச் போட்டுத் தருகிறார்கள், டயரை யாரும் பார்ப்பதில்லை. மழை பெய்தால் இன்னொரு தொல்லை, ஏரிப் பக்கம் போனதும் மண் அப்பி சக்கரமே சுற்றாமல் நின்றுவிடுகிறது.

தங்கச்சியும் இப்போது கூட வருகிறாள். மலை ஏற்றம் அவளுக்குப் புதிது. ஏரியும் இருக்கணும், லேசான மேடு பள்ளமும் இருக்கணும், அப்படி ஒரு வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கொண்டலாம்பட்டி

தம்பி, முதலில் டியூபில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்க. ரிம் பக்கம் என்றால் ரிம் டேப் (ரிம்முக்கு உள்ளே ஒட்டியிருக்கிற பட்டை) நகர்ந்திருக்கும். பக்கத்தில் பக்கத்தில் ரெண்டு ஓட்டை என்றால் காற்று குறைவாக இருந்து கல்லில் அடிபட்டது, 60 அடிக்கிற உங்களுக்கு அது வர வாய்ப்பு கம்மி. தரைப் பக்கம் ஒரே ஓட்டை, அதுவும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் என்றால் முள் இன்னும் டயருக்குள்தான் இருக்கிறது. புது டியூப் போட்டாலும் அது குத்திக்கொண்டேதான் இருக்கும்.

டயரில் கம்பெனி பெயர் அச்சடித்த இடம் வால்வுக்கு நேராக வருகிற மாதிரி எப்போதும் மாட்டுங்க. டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கிறதோ, டயரிலும் அதே தூரத்தில் தேடினால் போதும். விரலை விட்டுத் தடவாதீங்க, கிழித்துவிடும். கொஞ்சம் பஞ்சை டயரின் உட்புறம் சுற்றிலும் ஓட்டுங்க, முள் இருக்கிற இடத்தில் இழை மாட்டும்.

நம்ம பக்கம் ரெண்டு முள்தான் எதிரி. ஒன்று சீமைக்கருவேலம். ஏரிக்கு உள்ளேயும் கரையிலும் விறகுக்கு வெட்டி இழுத்துப் போகும்போது பாதை முழுக்க உதிர்ந்து கிடக்கும், நீளமான முள், டயரைத் தாண்டி நேராக டியூபுக்குப் போய்விடும். இன்னொன்று நெருஞ்சி. மழைக்கு அப்புறம் தரையோடு தரையாகப் படர்ந்து மஞ்சள் பூ விடும், பார்க்க அழகாக இருக்கும், காய் காய்ந்து உதிர்ந்ததும்தான் வேலையைக் காட்டும். மழைக்காலம் முடிந்து தரை காய்ந்த பிறகு பாதையின் ஓரத்தை விட்டுவிட்டு, டிராக்டர், வண்டிச் சக்கரம் போன தடத்திலேயே ஓட்டுங்க.

அப்புறம் மண் பாதைக்கு 60 ரொம்ப அதிகம். உங்கள் எடை 70 கிலோ பக்கம் என்றால் 40லிருந்து 45 போதும், முன்னால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். கல் நிறைந்த இடமென்றால் மட்டும் ஏற்றிக்கொள்ளுங்க.

அஸ்தம்பட்டி சைக்கிள்

அண்ணா, கிடைத்துவிட்டது! பஞ்சு மாட்டிய இடத்தில் ஊக்கால் நெம்பி எடுத்தேன். கருவேல முள்ளின் நுனி, அரிசியில் பாதிகூட இருக்காது. வெளிப்பக்கம் தேய்ந்து ரப்பரோடு மட்டமாகிவிட்டதால் எத்தனை முறை பார்த்தாலும் தெரிந்திருக்காது, உள்ளே மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப நன்றி. களிமண்ணுக்கும் வழிக்கும் யாராவது சொல்லுங்க.

வாழப்பாடி மண் ரோடு

ஏரிக்கரை வேறு, ஏரிக்குள் வேறு. நம்ம செம்மண் பாதை மழை விட்டு ஒரு நாள் நல்ல வெயில் அடித்தாலே ஓட்டலாம். ஏரிக்குள் இருப்பது வண்டல், மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் பிசுபிசுவென்று இருக்கும், ஒரு சுற்று சுற்றியதும் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். குச்சி வைத்து நோண்டி எடுத்துவிட்டு மேலே ஓட்டினால் மறுபடி அடைக்கும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் கரைமேல் மட்டும் போங்க, ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலில் இறங்கித் தூக்கிக்கொண்டு தாண்டுங்க. மட்கார்டு இருந்தால் கழற்றிவிடுங்க. வீட்டுக்கு வந்து பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவாதீங்க, பெடல் அச்சு பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்தால் சீக்கிரம் கடகடக்கும். பக்கெட் தண்ணீரும் துணியும் போதும்.

தங்கச்சியோடு போக என் யோசனை: தாதகாப்பட்டி, நிலவாரப்பட்டி வழியாகப் பனமரத்துப்பட்டி, அங்கிருந்து குரால்நத்தம் பக்கம். ஒரு பக்கம் ஜருகுமலை, இன்னொரு பக்கம் போதமலை, நடுவே தோட்டம், வயல். பாதை ஏறி இறங்கும், ஆனால் மூச்சு வாங்கவைக்கிற ஏற்றம் கிடையாது. பனமரத்துப்பட்டி ஏரி 1911இல் சேலத்துக்குக் குடிநீர் கொடுக்கக் கட்டியது, 2,000 ஏக்கருக்கு மேல் பரப்பு. கருவேலம் அங்கே காடாகவே மண்டியது, அதனால் உள்ளே மட்டும் இறங்காதீங்க. திரும்பும்போது மல்லூர் போய் நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம், லாரிகளுக்கு நடுவே அவளை ஓட்ட வைக்காதீங்க, வந்த வழியே வாங்க.

தோட்டத்து நாய் துரத்தினால் வேகம் எடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தாலே பாதி நாய் நின்றுவிடும்.

ஏற்காடு நாகலூர் ரோடு

மலைக்கு ஆசை இருந்தால் ஒன்று சொல்கிறேன். சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏற்காட்டுக்கு வருவது புதியவர்களுக்கான வேலை இல்லை. உங்கள் 40க்கு 42 கியரில் நீங்க வந்துவிடுவீங்க, தங்கச்சிக்கு முதல் நாளே வெறுத்துப்போகும். காரில் சைக்கிளை ஏற்றி ஏரி வரை வந்துவிடுங்க. மேலே 32 கி.மீ. வட்டச்சாலை இருக்கிறது, காபித் தோட்டமும் சில்வர் ஓக் நிழலுமாக ஏறி இறங்கிப் போகும், முழுக்கச் சுற்றணும் என்று இல்லை. காலை 6 மணிக்கே ஆரம்பித்துவிடுங்க, சனி, ஞாயிறில் வெயில் ஏறினால் சுற்றுலா வண்டிகள் வந்துவிடும்.

கிளை பிரிகிற மண் பாதைகளில் பாதி எஸ்டேட்டுக்குச் சொந்தம். கேட்டில் கேட்டுவிட்டுப் போங்க, மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். காப்புக்காடு என்றால் அனுமதி இல்லாமல் வேண்டவே வேண்டாம், 2018இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் சிக்கிய காட்டுத்தீ விபத்துக்கு அப்புறம் கண்டிப்பு அதிகம். பொழுது சாய்ந்தால் பனி இறங்கும், காட்டெருமை ரோட்டுக்கு வரும். நின்று, தள்ளியே இருந்து, அது போன பிறகு நகருங்க.

கீழே சைக்கிளிலேயே இறங்குவதாக இருந்தால் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வராதீங்க. வளைவுக்கு முன்னால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்க. கிளம்பும் முன் பேட் தேய்மானம் பாருங்க.

அஸ்தம்பட்டி சைக்கிள்

இந்த ஞாயிறு குரால்நத்தம் போகிறோம். கடைசியாக ஒன்று, ரிம் டியூப்லெஸ்ஸுக்கும் ஒத்துவரும் என்று எழுதியிருக்கிறது. மாற்றலாமா?

கொண்டலாம்பட்டி

டயரிலும் அப்படிப் போட்டிருக்கிறதா பாருங்க, ரெண்டும் ஒத்துவந்தால் மாற்றுங்க. நெருஞ்சிக்கு அதுதான் சரியான மருந்து, குத்திய இடத்தை டயருக்குள் ஊற்றுகிற சீலண்ட் திரவம் தானாகவே அடைத்துவிடும், முள்ளைப் பிடுங்காமல் வீடு வரை வந்துவிடலாம். ஆனால் சேலம் வெயிலுக்குச் சீலண்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். பாட்டிலில் போட்டிருக்கிற மாதக் கணக்கை நம்பாமல், பங்குனி, சித்திரையில் சக்கரத்தைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பாருங்க, சலசலப்பு கேட்கவில்லை என்றால் மறுபடி ஊற்றுங்க. டியூப்லெஸ் போட்டாலும் ஒரு டியூபும் பம்பும் பையில் இருக்கட்டும், தங்கச்சி சைக்கிளுக்குப் பொருந்துகிற அளவிலும் ஒரு டியூப் தனியாக எடுத்துக்கொள்ளுங்க.