சார்ட்டில் உள்ள குமரிக் கடற்கரைப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது?

கரைமடி77 (கேள்வி):
மணக்குடி முதல் தேங்காப்பட்டணம் வரை கடலுக்குப் போகிறவர்களுக்காக ஒரு தமிழ்க் கையேடு தயாராகிறது. கடல் சார்ட்டில், அதாவது மாலுமிகளின் கடல் வரைபடத்தில், உள்ள பெயர்களை மென்பொருளில் போட்டால் ‘பாயிண்ட்’ புள்ளியாகிறது, வெட்ஜ் பேங்க் ‘வெட்ஜ் வங்கி’ ஆகிறது. கேப் காமரின், கோலாச்சல், கடியபட்டம் என்று பழைய சார்ட்டில் ஒரு எழுத்து, புதியதில் இன்னொன்று. எதை மொழிபெயர்ப்பது, எதை அப்படியே விடுவது?

நீரோட்டம்:
பெயரை முதலில் இரண்டாக உடையுங்கள். முட்டம் பாயிண்டில் ‘முட்டம்’ பெயர், ‘பாயிண்ட்’ வகை. வகையை மட்டும்தான் மொழிபெயர்க்க வேண்டும். பாயிண்ட், கேப் இரண்டுக்கும் முனை, ராக் பாறை, ரீஃப் பார், ஷோல் திட்டு. பேங்க் என்றால் கடலடியில் பரந்து உயர்ந்து கிடக்கும் மேட்டுநிலம், ஆகவே ‘வெட்ஜ் கடல்மேடு’. ஆனால் வலைக்காரர்கள் ‘வெட்ஜ் பேங்க்’ என்றே சொல்வதால் அதையும் பக்கத்தில் போடுங்கள்.

வகை தெரியாமல் தடுமாறினால் எழுத்தின் சாய்வைப் பாருங்கள். கரையிலும் நீர்மட்டத்துக்கு மேலும் உள்ளவற்றை நேர் எழுத்திலும், கடலுக்குரியவற்றைச் சாய்ந்த எழுத்திலும் அச்சிடுவதுதான் சார்ட்டின் வழக்கம். ஒரு பெயர் சாய்ந்திருந்தால் அது ஊர்ப்பெயர் இல்லை. அதை ஊராக எழுதிவிட்டால் படிக்கிறவர் கரையில் தேடுவார்.

பழம்பெயர்:
ஆங்கில எழுத்திலிருந்து திரும்பத் தமிழாக்குவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். ரோமன் எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றே. ந, ன, ண மூன்றும் ஒன்றே. மணக்குடி ‘மனக்குடி’ ஆவதும் குளச்சல் ‘கோலாச்சல்’ ஆவதும் அதனால்தான். ஊர்க்காரர் வாயிலிருந்தும், பஞ்சாயத்து, கோவில், தேவாலயப் பங்குப் பதிவுகளிலிருந்தும் தமிழ் வடிவத்தை எடுங்கள். சார்ட்டு வடிவம் ஒப்பிட மட்டும்.

காமரினை விளக்காமல் விடக்கூடாது. குமரி என்ற பெயரை முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ் ‘கொமர்’ என்கிறது. கிரேக்கப் புவியியலாளர் தாலமி ‘கொமாரியா’ என்கிறார். போர்த்துகீசியர் ஈற்று இகரத்தை மூக்கொலியோடு ‘கொமொரிம்’ என்றார்கள், அது ஆங்கிலத்தில் காமரின் ஆயிற்று. தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆனதும் இதே வழியில்தான். குமரி என்ற சொல் நம்மிடமே இருக்கும்போது ‘காமரின் முனை’ என்று எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. குமரிமுனை என்றே போடுங்கள்.

ஆள் பெயரில் அமைந்தவை வேறு. பாக் நீரிணை 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் பெயரில் வந்தது. அதில் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை, ஒலிபெயர்ப்பு போதும்.

தூண்டில்முள்:
ரெண்டு பேரும் சொன்னது சரி அண்ணாச்சி. ஆனால் தமிழ்ப் பெயர் வந்ததும் ஆங்கிலத்தை அழித்துவிடாதீர்கள். ஆபத்து நேரத்தில் விஎச்எஃப் ரேடியோவின் 16ஆம் சேனலில் கேட்கிறவர் கையில் இருப்பது ஆங்கில சார்ட்டுதான். ஒவ்வொரு பெயருக்கும் தமிழ் வடிவம், சார்ட்டில் உள்ளபடி ஆங்கில எழுத்து, சார்ட்டு எண், பதிப்பு ஆண்டு, அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் வேண்டும்.

பழைய சார்ட்டிலிருந்து இடத்தை எடுத்து நேராக ஜிபிஎஸ்ஸில் அடிக்கவே கூடாது. அவற்றில் பல எவரெஸ்ட் என்ற பழைய அளவுமுறையில் அட்சரேகை, தீர்க்கரேகை கணக்கிட்டு வரைந்தவை. ஜிபிஎஸ் காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு அளவுமுறையில். நம் கடற்கரையில் இரண்டுக்கும் நடுவே நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். பார்மேல் வலை கிழிய அது தாராளம். எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று சார்ட்டின் தலைப்புக்குக் கீழே குறிப்பு இருந்தால் அதன்படி திருத்துங்கள்.

ஆழத்திலும் கவனம். பழையதில் ஃபேதம், அதாவது நம்ம பாகம், 1.83 மீட்டர். புதியதில் மீட்டர். 7 மீட்டர் என்று போட்டிருப்பதை 7 பாகம் என்று வாசித்தால் 12.8 மீட்டர் தண்ணீர் இருப்பதாக நம்பிவிடுவோம். கையேட்டில் ஆழம் வருமிடமெல்லாம் அலகையும் சேர்த்து எழுதுங்கள்.

கரைமடி77:
வங்கியையும் புள்ளியையும் எடுத்துவிடுகிறேன். கடியபட்டணம் அருகே பழைய நூல்களில் ‘கிராக்கடைல் ராக்’ என்று வருகிறதே, முதலைப்பாறை என்று போடலாமா?

பழம்பெயர்:
இப்போது வேண்டாம். அந்தப் பாறையை ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று முட்டத்திலும் கடியபட்டணத்திலும் தனித்தனியாகக் கேளுங்கள். இரு ஊரிலும் இரு பெயர் வந்தால் இரண்டையும் போடுங்கள். முதலைப்பாறை என்பது வெறும் மொழிபெயர்ப்பு. ஊரில் புழங்காத பெயரை நாம் அச்சிட்டால் அடுத்த கையேடு அதையே ஊர்ப்பெயர் என்று எடுத்துக்கொள்ளும்.

தூண்டில்முள்:
கேட்கும்போது பாறைப் பெயரோடு கரை அடையாளத்தையும் எழுதி வாங்குங்கள்: எந்த மலையும் எந்தக் கோவில் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் தெரிகிறது, பக்கவாட்டில் எந்தக் கலங்கரை விளக்கம் என்று. அந்த இரு கோடுகளும் வெட்டும் இடம் சார்ட்டில் உள்ள பாறையோடு பொருந்தினால்தான் இரு பெயரும் ஒரே பாறைக்கு. அப்படி உறுதியான பெயரை டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகத்துக்கு ஹைட்ரோகிராஃபிக் நோட் படிவத்தில் அனுப்பலாம். சார்ட்டுத் திருத்தங்களை அவர்கள் பதினைந்து நாளுக்கொருமுறை மாலுமிகளுக்கான அறிவிப்பில் வெளியிடுகிறார்கள்.